கான்பூர்க் குப்பைமேட்டிலிருந்து எழுந்த வானூர்திகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர், குரோம்பேட்டையையும் பல்லாவரத்தையும் கடந்ததும் திரிசூலத்தில் ஒரு காட்சியைக் காண்கின்றனர். வலப்புறம் பழைய குன்று. இடப்புறம் பெருஞ்சாலைக்கு அப்பால் விமான நிலையம். ஏறி இறங்கும் விமானங்களை நிமிர்ந்து பார்ப்பவர் இப்போது அருகிவிட்டனர். ஆனால் 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பகுதியின் வானத்தில் ஒலித்த ஓசையைக் கேட்டவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிரித்தானிய வான்படையின் 200-ஆவது அணி அப்போதுதான் பரங்கிமலைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் கையில் இருந்தவை லிபரேட்டர் என்னும் பெயருடைய நான்கு எஞ்சின் விமானங்கள். வங்கக் கடலின்மேல் நீண்ட தூரம் பறந்து பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அவற்றின் பணி. அடுத்த ஆண்டு அந்த அணி வடக்கே சென்றுவிட்டது.

அந்த லிபரேட்டர்களின் பிற்கால வரலாறே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடையில் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சிதைந்த ஒன்றைச் செப்பனிடும்போது எதை மூலம் என்று கொள்வது, எதை இடைச்செருகல் என்று தள்ளுவது, செப்பனிட்டவனின் கைத்தடத்தை மறைப்பதா, காட்டுவதா என்ற கேள்விகள் ஏட்டுச் சுவடிக்கும் எந்திரத்துக்கும் பொதுவானவை. ஏட்டுச் சுவடியைப் பொறுத்தவரை தமிழுலகம் நூறாண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பற்றிச் சிந்தித்துள்ளது. எந்திரத்தைப் பொறுத்தவரை அவ்வளவு சிந்தித்ததில்லை.

லிபரேட்டர் என்பது அமெரிக்கக் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த குண்டுவீச்சு விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி. வாலில் இரட்டைச் சுக்கான்கள். ஒவ்வொன்றும் 1,200 குதிரைத் திறனுடைய, பதினான்கு சிலிண்டர்கள் கொண்ட நான்கு எஞ்சின்கள். போர்க்காலத்தில் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் கட்டப்பட்டன. ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் ஆலையிலிருந்து, உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ மணிக்கு ஒன்று வீதம் வெளிவந்தது. அவ்வளவு எளிதாகப் பிறந்தமையாலோ என்னவோ, போர் முடிந்ததும் அவற்றை அழிப்பதும் எளிதாயிற்று. இன்று உலகில் முழு உருவோடு எஞ்சியிருப்பவை இருபதுக்கும் குறைவு. அவற்றுள் பல இந்தியாவின் வழியாக வந்தவை. அதற்குக் காரணம் கான்பூரிலும் பெங்களூரிலும் நிகழ்ந்த ஒரு செயல்.

போர்க்காலத்தில் அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்கு ஆயுதங்களையும் ஊர்திகளையும் 1941-இல் இயற்றிய கடன்–குத்தகைச் சட்டத்தின்படி வழங்கியது. போர் முடிந்தபின் அவற்றைத் திருப்பித் தரவேண்டும். அல்லது பயன்படாதவாறு செய்துவிட வேண்டும். இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய லிபரேட்டர்களைக் கடல் கடந்து அனுப்புவதில் எவருக்கும் நாட்டமில்லை. அமெரிக்காவிடமே அவை மிகுதியாகக் குவிந்திருந்தன. எனவே அவை கான்பூரின் சகேரி விமானத்தளத்தில் திரட்டி நிறுத்தப்பட்டன. பின்னர் அங்கேயே சிதைக்கப்பட்டன. கருவிப் பலகைகளைக் கடப்பாரையாலும் கோடரியாலும் உடைத்தனர் என்றும், எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினர் என்றும், கனரக ஊர்திகளை உடற்கூட்டின்மேல் மோதவிட்டனர் என்றும் அந்நிகழ்ச்சியை எழுதியவர்கள் கூறுவர். சுருங்கச் சொன்னால், இனி எவராலும் பறக்கவைக்க இயலாது என்று உறுதி செய்துகொண்டே பிரித்தானிய வான்படை அங்கிருந்து வெளியேறியது.

1947-இல் விடுதலை வந்தது. உடனே காஷ்மீரத்தில் போரும் வந்தது. புதிய அரசின் வான்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் வாங்குவதற்குப் பொருளும் காலமும் வேண்டும். அந்நிலையில்தான் கான்பூர்க் குப்பைமேடு நினைவுக்கு வந்தது. 1948-இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

அத்தொழிற்சாலையின் முன்வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும். இல்லையேல் இச்செயல் மாயவித்தைபோல் தோன்றிவிடும். வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் அதனைத் தொடங்கினார். 1942-இல் அரசு அதனை எடுத்துக்கொண்டது. 1943-இல் அது அமெரிக்க வான்படையின் பொறுப்பில் சென்றது. போர்க்களத்தில் அடிபட்டு வந்த அமெரிக்க விமானங்கள், குண்டுவீச்சு விமானங்களும் கடலில் இறங்கும் பறக்கும் படகுகளும் டக்கோட்டா போக்குவரத்து விமானங்களுமாக, அங்கே பிரித்துச் செப்பனிடப்பட்டன. மைசூர், தமிழ், மலையாள நாடுகளிலிருந்து வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் அமெரிக்க முறையில் எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும், தகட்டை வளைக்கவும், ரிவெட் அடிக்கவும் அங்குதான் கற்றனர். போர் முடிந்தபின் விற்பனைக்கு வந்த டக்கோட்டாக்களைச் செப்பனிட்டுப் பயணிகள் விமானங்களாக மாற்றித் தந்ததும் அவர்களே. ஆகவே கான்பூருக்குச் சென்றவர்களின் கைகள் வெறுங்கைகள் அல்ல.

இன்னொரு நற்பேறும் இருந்தது. லிபரேட்டரின் எஞ்சினும் டக்கோட்டாவின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் இரட்டை வரிசை எஞ்சின் அது. உயரத்தில் காற்றை அழுத்தித் தரும் சுழலி போன்ற சில உறுப்புகள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. இந்தியாவில் டக்கோட்டாக்கள் மலிந்திருந்த காலம் அது. மணல் கொட்டப்பட்ட எஞ்சினைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை பெங்களூர்க்காரருக்கு இருந்திராது. சிலிண்டர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, தேய்ந்ததை நீக்கி, புதியதைப் பூட்டும் கலை அவர்களின் அன்றாட வேலை. தகட்டு வேலையே கடினமானது. விமானத்தின் உடற்கூடு மெல்லிய அலுமினியத் தகடுகளை உள்ளிருக்கும் விலா எலும்புகள்மேல் ரிவெட்டால் இணைத்து அமைந்தது. ஒரு தகடு கிழிந்தால் அதனை ஒட்டியுள்ள விலா வளைந்திருக்கும்; விலா வளைந்தால் அடுத்த தகடும் இழுபட்டிருக்கும். வெளியே தெரியும் காயத்தைவிட உள்ளே மறைந்த காயமே ஆபத்து. அதனைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் தடவி, தட்டி ஓசை கேட்டு அறியவேண்டும். மூன்று மழைக்காலங்கள் வெட்டவெளியில் கிடந்த விமானத்தில் ரப்பர்க் குழாய்களும் எண்ணெய்க் காப்பு வளையங்களும் எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ரிவெட் அடிப்பதைப் பற்றி ஒரு சொல். அதனை ஒருவர் தனித்துச் செய்ய இயலாது. வெளியே நிற்பவர் சுத்தியல் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே, ஒடுங்கிய இடத்தில் முடங்கிக் கிடப்பவர் இரும்புக் கட்டையொன்றை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அடியின் ஓசையாலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் அரைநொடி முந்தினாலும் ஆணி கோணிவிடும். ஒரு லிபரேட்டரில் இப்படிப்பட்ட ஆணிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. பழைய ஊர்தியை மீட்பது கூட்டுப்பணி என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு செயலை நினைத்துக்கொள்வது நலம்.

கான்பூரில் கையாண்ட முறை எளிமையானது. ஓரளவு உருப்படியான கூடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதற்கு இல்லாதவற்றை அருகிலிருக்கும் மற்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது. ஒன்றின் சுக்கான் மற்றொன்றுக்கு. ஒன்றின் சக்கரம் வேறொன்றுக்கு. பெங்களூர் வரை பறந்து சேரும் அளவுக்கு மட்டும் அங்கே செப்பனிடுவது. முழுச் செப்பம் பெங்களூரில். அவ்வாறு தேறிய ஒவ்வொரு விமானத்தையும் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெத் கைகோபாத் முன்ஷி கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இவ்வாறு வந்து சேர்ந்தவை நாற்பதுக்கும் மேற்பட்டவை. உடைத்தெறிந்த கூட்டில் அமர்ந்து, பாதி செப்பனிட்ட எஞ்சின்களை நம்பி, விந்தியத்தைக் கடந்து அத்தனை முறை பறந்த ஒருவரை எப்படிப் போற்றினாலும் தகும். வழியில் ஒன்றும் விழவில்லை என்பதே கீழிருந்து செப்பனிட்டவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ்.

1948 நவம்பரில் இந்திய வான்படையின் 5-ஆவது அணி இவ்விமானங்களைக் கொண்டு அமைக்கப்பெற்றது. 1951-இல் 6-ஆவது அணி கடற்காவல் பணிக்காக இவற்றைப் பெற்றது. 1968-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவை ஓய்வு பெற்றன. அழிக்கப்பட்டவை இருபதாண்டுக் காலம் பணியாற்றியுள்ளன. அவற்றைக் கட்டியவர்கள் எண்ணியதைப் போலப் பல மடங்கு. உலகில் போர்ப்பணியிலிருந்த கடைசி லிபரேட்டர்கள் இந்தியாவுடையவையே.

முன்ஷியின் பெயரைச் சொன்னவுடன் தாம்பரத்துக்கு உரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் பயிற்சி விமானமான எச்.டி.-2, 1951 ஆகஸ்டில் முதன்முறை பறந்தது. அதனை ஓட்டியவரும் அவரே. 1954-இல் விமானப் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தபின், அந்த எச்.டி.-2 விமானங்கள் சேலையூர், கிழக்குத் தாம்பரம் வீடுகளின் கூரைக்கு மேலே பல்லாண்டுகள் வட்டமிட்டன. லிபரேட்டரைப் பிரித்துப் பூட்டிய தொழிற்சாலையே அவற்றைக் கட்டியது. பழையதைச் செப்பனிடும் பட்டறையில்தான் புதியதைப் படைக்கும் துணிவு பிறந்தது என்று கருத இடமுண்டு.

இனி ஏட்டுச் சுவடிக்கு வருவோம். 1887-இல் சீவக சிந்தாமணியையும், பின்னர்ச் சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியவற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் செய்ததும் கான்பூர்ச் செயலை ஒத்ததே. ஒரு சுவடியில் முன்னேடு இல்லை. மற்றொன்றில் நடு ஏடுகளைச் செல் அரித்துள்ளது. மூன்றாவதில் ஒரே அடி வேறுபட்டுக் கிடக்கிறது. பலவற்றையும் ஒப்புநோக்கி ஒரு நூலை எழுப்பவேண்டும். ஆனால் ஓர் இன்றியமையாத வேறுபாடு உண்டு. ஐயர் தாம் கொண்ட பாடத்துக்கு மாறான பாடங்களையும் அடிக்குறிப்பில் தந்தார். எவர் வீட்டிலிருந்து எந்தச் சுவடி வந்தது என்பதை முகவுரையில் நன்றியோடு பதிவு செய்தார். படிப்பவர் விரும்பினால் அவர் தையலைப் பிரித்துப் பார்க்கலாம். விமானத்தில் அடிக்குறிப்பு இல்லை. எந்தச் சுக்கான் எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்பது பறக்கும்போது தெரிவதில்லை. அதனை இணைத்தவரின் பெயரும் தெரிவதில்லை. விமானியின் பெயர் நூல்களில் நிற்கிறது. கட்டையைப் பிடித்து உள்ளே முடங்கிக் கிடந்தவரின் பெயர் பொது நினைவில் இல்லை. சுவடியை எழுதிய ஏடெழுதிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிலர் கடைசி ஏட்டில் ஆண்டும் திங்களும் தம் பெயரும் எழுதி வைத்தனர்.

இக்கேள்வி கூர்மை பெறுவது லிபரேட்டர்களின் மூன்றாம் பிறவியில்தான். ஓய்வுக்குப் பின் அவற்றைத் தேடி வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வந்தன. 1968-இல் ஒன்று கனடாவுக்கும், 1969-இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்கும், 1974-இல் ஒன்று பிரித்தானிய வான்படை அருங்காட்சியகத்துக்கும் சென்றன. தன்னால் உடைக்கப்பட்டதையே பிரித்தானியா பரிசாகப் பெற்றுக் காட்சிக்கு வைத்தது என்பதில் ஒரு நகை இல்லாமலில்லை.

எல்லாவற்றினும் நீண்ட கதையுடையது எச்.இ. 771 என்னும் எண்ணோடு இந்தியாவில் பறந்த விமானம். அது 1944 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் ஆலையில் பிறந்தது, பிரித்தானிய வான்படைக்கு வந்தது, கான்பூரில் கைவிடப்பட்டது, 1948-இல் மீண்டது, 1968 வரை பணியாற்றியது, பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1981-இல் டக் அர்னால்டு என்னும் ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அதனை வாங்கிப் பகுதிகளாகப் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 1984-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ராபர்ட் காலிங்ஸ் அதனைப் பெற்றார். தரையில் நிறுத்திக் காட்டினால் போதும் என்பதே தொடக்கத்தில் அவர் கருத்து. போர்க்காலத்தில் லிபரேட்டர்களில் பணியாற்றிய முதியவர்கள் வந்து, பறக்காத விமானத்தைக் காண ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரே வருவர். பறந்து ஊர்தோறும் சென்றால் இலட்சக்கணக்கானோர் காண்பர் என்று வாதாடினர். அவர் இசைந்தார். தொழில் வல்லுநர்களும் ஊதியமின்றி வந்த ஆர்வலர்களும் மாசசூசெட்ஸிலும் ஃபுளோரிடாவிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். உறுப்புகள் பலவற்றைப் புதிதாகச் செய்தனர்; பலவற்றை நாடெங்கும் தேடிப் பெற்றனர். 1989-இல் அது மீண்டும் பறந்தது.

போற்றத்தக்க உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அவர்கள் பூசிய வண்ணமும் இட்ட பெயரும் எவை? 'ஆல் அமெரிக்கன்' என்பது முதல் பெயர். முழுக்க அமெரிக்கன் என்று பொருள். 1998-இல் பசிபிக் போர்முனையின் வேறொரு விமானத்தை நினைவூட்டி 'டிராகனும் அதன் வாலும்' என்ற பெயரும் ஓவியமும் பெற்றது. 2005-இல் 'விட்ச்கிராஃப்ட்' என்னும் புகழ்பெற்ற விமானத்தின் பெயரைப் பெற்றது. அது உண்மையில் பிரித்தானிய அடையாளத்தோடு போரிட்டது. இந்திய அடையாளத்தோடு இருபதாண்டு வாழ்ந்தது. அமெரிக்கக் குழுவினரோடு அது எந்தப் போரிலும் ஈடுபட்டதில்லை. அது இன்று இருப்பதற்கே காரணமான பெங்களூர்ப் பிறவி வெளித்தோற்றத்தில் துடைக்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தார் செருகியதை நீக்குவதாகக் கருதிக்கொண்டு, நூல் பிழைத்திருக்கக் காரணமான சுவடியையே நீக்கியதைப் போன்றது இது. அமைப்பினர் அதன் இந்திய வரலாற்றை மறைக்கவில்லை. தம் வெளியீடுகளில் எழுதியே உள்ளனர். எனினும் விமானத்தளத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கும் சிறுவன் காண்பது வண்ணத்தை மட்டுமே.

இது விமானத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. முன்புறம் சக்கரமும் பின்புறம் ரப்பர்த் தடப்பட்டையும் கொண்ட 'ஹாஃப்-டிராக்' என்னும் கவச ஊர்தியை மீட்பதில் மேலைநாட்டு ஆர்வலர் பலர் ஈடுபட்டுள்ளனர். எம்-3 என்னும் வகையின் எடை ஏறத்தாழ ஒன்பது டன், பதின்மூவர் அமரலாம். இவ்வூர்தியை வாங்கியவருக்கு முதல் தலைவலி தடப்பட்டை. எஃகுக் கம்பி வடங்களின்மேல் ரப்பரை வார்த்து ஒரே வளையமாகச் செய்தது அது, நாளடைவில் வெடித்துவிடும், ஒரு கண்ணியை மட்டும் மாற்ற முடியாது. அடுத்தது பெட்ரோல் தொட்டி. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும்படி உட்புறம் பூசிய ரப்பர் காலத்தால் கரைந்து எரிபொருட் குழாயை அடைக்கும். ஒருவரிடம் தடப்பட்டை இருக்கும், தொட்டி இராது. மற்றவரிடம் மாற்றாக இருக்கும். போர்க்காலக் கையேடுகளை ஒருவருக்கொருவர் படியெடுத்துத் தருவர். விடுமுறை நாள்களில் ஒருவர் கொட்டகையில் பலர் கூடுவர். பண்டமாற்றும் நட்புமே இவ்வுலகத்தின் நாணயம். அவ்வூர்திகளிற் பல, இஸ்ரேலியப் படையில் பல்லாண்டு உழைத்து, எஞ்சின் மாற்றப்பெற்று, பின்னர் விற்கப்பட்டவை. வாங்கியவர்களுள் பெரும்பாலோர் செய்வது என்ன? பிற்கால எஞ்சினைக் கழற்றி எறிந்து, பிற்காலப் பூச்சைச் சுரண்டி, 1944-ஆம் ஆண்டின் பச்சையைப் பூசி, வெள்ளை நட்சத்திரம் வரைகின்றனர். ஐரோப்பியப் போர்முனையின் ஓராண்டே வரலாறு. அதன்பின் வந்த முப்பதாண்டும் வெறும் துரு என்பது அவர்கள் கருத்துப் போலும்.

பிறரைக் குறைகூறுமுன் இந்தியர் செய்ததையும் நோக்குவதே நேர்மை. 2011-இல் ராஜீவ் சந்திரசேகர், டக்கோட்டா விமானியாக இருந்த தம் தந்தையை நினைந்து, பழைய டக்கோட்டா ஒன்றை வாங்கி இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து வான்படைக்கு அளித்தார். 2018-இல் கவெண்ட்ரியிலிருந்து பல நாடுகளைக் கடந்து அது இந்தியாவுக்குப் பறந்து வந்தது. 'பரசுராமா' என்று பெயர் பெற்றது. அதன் வாலில் வி.பி. 905 என்னும் எண் எழுதப்பட்டது. அது 1947 அக்டோபர் 27-இல் முதற்படையினரோடு சிறீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண். ஆனால் செப்பனிடப்பட்டது அந்த விமானம் அன்று; பிரித்தானிய வான்படையிலும் பின்னர் ஆங்கிலப் பயணிகள் பணியிலும் இருந்த வேறொன்று. ஒரு நாடு தன் நினைவுக்கு ஓர் உடல் வேண்டுமென்று விரும்பும்போது, கிடைத்த உடலுக்கு வேண்டிய பெயரை இட்டுவிடுகிறது. காலிங்ஸ் செய்ததும் அதுவே. இரண்டும் நினைவுச் சின்னங்கள் என்ற அளவில் ஏற்கத்தக்கவை. இரண்டையும் மூலம் என்று அழைப்பது தகாது.

பறக்கவைப்பதா, நிறுத்தி வைப்பதா என்னும் கேள்விக்கும் 2019-இல் துயரமானதொரு விடை கிடைத்தது. அதே காலிங்ஸ் அமைப்பின் பி-17 விமானம் ஒன்று அக்டோபர் 2-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி எழுவர் மாண்டனர். அதுவும் தன்னுடையதல்லாத பெயரைத் தாங்கிப் பறந்த விமானமே. 2020-இல் அவ்வமைப்பு பழைய விமானங்களில் பயணிகளை ஏற்றும் உரிமையை அமெரிக்க அரசு நீக்கியது. பறக்கும்போது எந்திரம் உயிரோடிருக்கிறது என்பது மெய். அதன் ஒவ்வொரு பறப்பும் ஒரு பழைய உறுப்பைத் தேய்த்துப் புதியதைப் புகுத்துகிறது என்பதும் மெய். முப்பதாண்டு பறந்த பின் அதில் 1944-இன் அலுமினியம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? படிக்கப் படிக்க ஏடு நொறுங்குகிறது என்பதற்காகப் படிக்காமலே வைத்துவிட முடியாது. அச்சிட்ட பின்னர்ச் சுவடியைப் பேழையில் வைக்கலாம். எந்திரத்துக்கு அச்சு எதுவென்று இன்னும் எவரும் தெளியவில்லை. தரையில் எஞ்சினை மட்டும் இயக்கிக் காட்டுவது ஒரு நடுவழி. சில அருங்காட்சியகங்கள் அதனைப் பின்பற்றுகின்றன.

இப்பகுதிக்கும் இவ்விவாதத்தில் பங்குண்டு. போருக்குப் பின் 'டிஸ்போசல்' ஏலத்தில் போன இராணுவ ஜீப்புகளும் லாரிகளும் தமிழ்நாட்டின் சாலைகளில் பல்லாண்டு ஓடின. பெட்ரோல் கட்டுப்படியாகாதபோது அவற்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டினர். சிம்ப்சன் நிறுவனத்தின் பெர்க்கின்ஸ் எஞ்சின் அவ்வாறு எத்தனையோ ஊர்திகளுக்கு இரண்டாம் உயிர் தந்தது. கிடைக்காத பல்சக்கரத்தை லேத் பட்டறையில் கடைந்தனர். வளைந்த தகட்டை டிங்கர் தட்டி நிமிர்த்தினார். புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பொருந்தாததைப் பொருந்தச் செய்தனர். கான்பூரில் பெங்களூர்க்காரர் செய்ததை இங்கே பெயரற்ற மெக்கானிக்குகள் சாலையோரத்தில் செய்தனர்.

அத்தகைய ஜீப் ஒன்றை இன்று ஒருவர் வாங்கினால் அவர் முதலில் கேட்பது, அதற்கு உரிய பழைய பெட்ரோல் எஞ்சின் எங்கே கிடைக்கும் என்பதே. அது இயல்பு, தவறுமில்லை. ஆனால் கழற்றிய டீசல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதனைத் தாங்குவதற்காகச் சட்டத்தில் பற்றவைத்த இரும்புத் துண்டின் அளவையும் வடிவையும் படமெடுத்து வைக்கலாம். பூச்சைச் சுரண்டும்போது அடுக்கடுக்காக வெளிப்படும் வண்ணங்களை, ஓரிடத்தில் உள்ளங்கையளவு, சுரண்டாமல் விடலாம். வேலை செய்த ஃபிட்டர், டிங்கர், பெயிண்டர் ஆகியோரின் பெயர்களையும் நாளையும் எழுதி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். ஆங்காங்கே சில ஆர்வலர்கள் இவ்வாறு செய்கின்றனர். அவர்களுடைய வண்டிகள் கண்காட்சியில் முதற்பரிசு பெறுவது அரிது. நடுவர்கள் மினுமினுப்பையே நாடுகின்றனர்.

கான்பூரில் மீண்ட லிபரேட்டர்களுள் ஒன்று இன்றும் இந்தியாவில் இருக்கிறது. தில்லி பாலத்திலுள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் அது இந்திய வான்படைச் சின்னத்தோடு நிற்கிறது. பறப்பதில்லை, வேறு விமானத்தின் பெயரும் அதற்கில்லை. அதன் உடற்கூட்டைக் கூர்ந்து நோக்குவோர், ஆலையில் அடித்த ரிவெட் வரிசைகளுக்கு நடுவே ஒட்டுப்போட்ட தகடுகள் உண்டா என்று தேடிப்பார்க்கலாம்.